கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்குக்குக் காப்புரிமை: பரிசோதனை எப்படி நடக்கிறது? வியாபாரிகள் கவனிக்க வேண்டியது என்ன?

மளிகைக் கடைக்காரருக்கும் காப்புரிமைச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர்கள் கேட்கலாம். கடையைச் சுற்றி ஒரு முறை பார்வையை ஓட்டினால் விடை கிடைத்துவிடும். கொட்டகையில் வெளிச்சம் விழுவதற்காகப் போட்ட பைபர் ஷீட், சுவரில் மாட்டிய மீட்டர் பெட்டி, மெயின் போர்டில் உள்ள சுவிட்சுகளின் கூடு, கை டிரில்லிங் மிஷினின் உடல் என்று பல பொருள்கள் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. கடலூர், நாகை கரையோரம் மரக் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பைபர் படகும் இதே இனந்தான். ஹார்டுவேர், மின்சாமான், வீட்டு உபயோகப் பொருள் விற்கும் நம் உறுப்பினர்களின் கைவழியே இச்சரக்கு தினமும் போய்க்கொண்டிருக்கிறது.

இத்தகைய பொருள்களில் சிலவற்றின் அட்டைப் பெட்டியில் "பேடண்ட் பெற்றது" என்றோ, "பேடண்டுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்றோ அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, காப்புரிமை பெற்ற பொருளை அனுமதியின்றித் தயாரிப்பவரை மட்டும் தடுக்கவில்லை. பயன்படுத்துவது, விற்பனைக்கு வைப்பது, விற்பது, இறக்குமதி செய்வது ஆகிய எல்லாவற்றையும் தடுக்கிறது. ஆகவே எங்கோ ஒரு தொழிற்சாலை செய்த தவறுக்கு வக்கீல் நோட்டீஸ் கடைக்காரர் கைக்கு வரக்கூடும். அப்படி வந்தால் பயந்து சரக்கைத் திருப்பி அனுப்புவதா, நின்று பதில் சொல்வதா என்பதை முடிவு செய்ய, காப்புரிமை எப்படிப் பரிசோதித்து வழங்கப்படுகிறது என்று ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

இழையும் ரெசினும் சேர்ந்த கதை

கண்ணாடி கனமானது, உடையக்கூடியது. ஆனால் தலைமயிரைவிட மெல்லிய இழையாக இழுத்துவிட்டால் இழுவிசையை நன்றாகத் தாங்கும். அமெரிக்காவில் 1932இல் டேல் கிளெய்ஸ்ட் என்ற இளம் பணியாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றபோது, காற்று வேகத்தில் உருகிய கண்ணாடி மெல்லிய இழைகளாகச் சிதறியது. அதைத் தொழில்முறையாக வளர்த்தவர் கேம்ஸ் ஸ்லேட்டர். அவர் 1933இல் விண்ணப்பித்த காப்புரிமை 1938இல் வழங்கப்பட்டது. ஓவன்ஸ் கார்னிங் பைபர்கிளாஸ் நிறுவனம் தொடங்கியதும் அதே 1938இல்தான்.

இழை மட்டும் இருந்தால் அது பஞ்சுதான். அதைப் பிடித்து நிறுத்த ஒரு ரெசின் வேண்டும். இன்று படகுக்கும் கூரை ஷீட்டுக்கும் பயன்படும் பாலியஸ்டர் ரெசினுக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் கார்ல்டன் எல்லிஸ் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர். அவர் 1937இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு 1941இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார். மளிகை வியாபாரிகளுக்கு அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி உறையவைக்கும் தொழில், அதாவது நாம் வனஸ்பதி என்று டின் டின்னாக விற்ற பண்டத்தின் தொழில்நுட்பம் பற்றி, 1914இல் பெரிய நூலை எழுதியவரும் இவரே.

நைலான் போன்ற உருகும் பிளாஸ்டிக்கில் நறுக்கிய கண்ணாடி இழையைக் கலப்பது இன்னொரு வழி. நூறு கிலோ கலவையில் 30 கிலோ கண்ணாடி இழை இருந்தால், வெறும் நைலானைவிட இழுவைத் தாங்கும் பலம் இரு மடங்குக்கு மேல் உயரும். மின்சாமான் கூடுகளிலும் கருவிகளின் உடலிலும் இந்தச் சரக்கு அதிகம். ரெசின், இழை, இழை ரெசினோடு ஒட்டுவதற்காக இழையின்மேல் பூசும் சிலேன் பூச்சு, தீப்பிடிக்காமல் தடுக்கும் மருந்து, நிறம், வழுவழுப்பு தரும் பொருள் என்று பல சாமான் சேர்ந்த கலவை இது. கலவை என்றாலே காப்புரிமை அலுவலகத்தில் கேள்விகள் கூடிவிடும்.

விண்ணப்பம் போகும் பாதை

இந்தியாவில் இப்போதுள்ள சட்டம் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு அடிப்படை அமைத்தது, 1959இல் நீதிபதி என்.ராஜகோபால ஐயங்கார் தந்த அறிக்கை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற நீதிபதி அவர். இச்சட்டம் 1999, 2002, 2005 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2005க்கு முன் ரசாயன முறையில் தயாரான பொருளுக்கும், உணவுப் பொருளுக்கும், மருந்துக்கும் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை உண்டு, பொருளுக்கே கிடையாது. 2005 ஜனவரி 1 முதல் அந்தத் தடை நீங்கியது. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

தலைமை அலுவலகம் கொல்கத்தாவில். டெல்லி, மும்பை, சென்னை ஆகிய ஊர்களில் கிளைகள். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் கிண்டியில் உள்ள சென்னை அலுவலகத்துக்குப் போகும். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்து இதழில் வெளியிடப்படும். ஆனால் விண்ணப்பித்துவிட்டால் தானாகப் பரிசோதனை நடந்துவிடாது. அதற்குத் தனியாக மனுவும் கட்டணமும் கொடுக்க வேண்டும். முன்பு இதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் அதை 31 மாதமாகக் குறைத்துவிட்டது.

மனு கொடுத்தபின் விண்ணப்பம் ஒரு பரிசோதகர் கைக்கு வரும். அவர் உலகெங்கும் முன்பு வெளியான காப்புரிமைகளையும் நூல்களையும் தேடுவார். தேடுவதற்கு வசதியாகச் சர்வதேச வகைப்பாடு ஒன்று உண்டு. நம் கடையில் பருப்புக்கு ஒரு வரிசை, சோப்புக்கு ஒரு வரிசை வைப்பதுபோல, கண்டுபிடிப்புகளையும் எண் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் கலக்கும் கண்ணாடி இழைக்கு "சி08கே 7/14" என்பது இடம். பாலியஸ்டருக்கு "சி08எல் 67", நைலான் இனத்துக்கு "சி08எல் 77". தேடி முடித்ததும் ஆட்சேபணைகளை எழுதி முதல் ஆய்வறிக்கை அனுப்பப்படும். விண்ணப்பதாரர் ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இனி, அந்த அறிக்கையில் வரும் கேள்விகளை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

ஒரு தொழிற்சாலை இப்படி விண்ணப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: நைலான், கண்ணாடி இழை, அப்பிரகத் தூள் மூன்றையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்த சரக்கு, அச்சில் வார்த்து எடுத்தபின் கோணாது, வளையாது.

முதல் கேள்வி: புதியதுதானா?

விண்ணப்பத்தில் இழை 25 முதல் 35 சதவீதம் என்று கேட்டிருக்கிறார்கள். மற்ற சாமானும் விகிதமும் ஒத்துப்போகும் ஒரு பழைய பிரசுரத்தில் 30 சதவீத இழை உள்ள ஒரே ஒரு உதாரணம் இருந்தால் போதும், 25-35 என்ற முழு வரம்பும் புதுமை இழந்துவிடும். பழைய பிரசுரம் 10 முதல் 60 என்று பொதுவாகச் சொல்லி, புதிய விண்ணப்பம் அதற்குள் ஒரு குறுகிய பகுதியைப் பிடித்துக்கொண்டால் விஷயம் வேறு. அந்தக் குறுகிய பகுதிக்கென்று தனி விசேஷம் ஏதாவது உண்டா என்று பரிசோதகர் கேட்பார். வெறுமனே நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து "இது என்னுடையது" என்று சொன்னால் போதாது.

முன்பு தெரிந்ததா என்று பார்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி நூல்தான் வேண்டும் என்பதில்லை. விலைப் பட்டியலோடு வந்த தொழில்நுட்பக் கையேடும் பிரசுரமே. இந்தியாவில் பொதுமக்களுக்குத் தெரியும்படி நடந்த விற்பனையும், உபயோகமும் கணக்கில் வரும். உற்பத்தியாளரே முதலில் சரக்கைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டு, நன்றாக ஓடுகிறது என்று கண்டபின் விண்ணப்பித்தால், தன் விற்பனையே தனக்கு எதிர்ச் சாட்சியாகிவிடும்.

இரண்டாம் கேள்வி: தொழில் தெரிந்தவருக்கு இது எளிதில் தோன்றாதா?

கண்ணாடி இழை கலந்த நைலானுக்கு ஒரு குறை உண்டு. அச்சுக்குள் உருகிப் பாயும்போது இழைகள் பாய்ந்த திசையிலேயே படுத்துக்கொள்ளும். ஆறும்போது அந்தத் திசையில் குறைவாகவும், குறுக்கே அதிகமாகவும் சுருங்கும். அதனால் மூடி கோணிக்கொள்ளும். தகடு போன்ற அப்பிரகத் தூளைச் சேர்த்தால் கோணல் குறையும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். எனவே "அப்பிரகம் சேர்த்தேன், கோணல் குறைந்தது" என்று சொல்வது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. சட்டம் கேட்பது, முன்பு தெரிந்ததைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். அத்துறையில் தேர்ந்தவருக்கு அது தானாகத் தோன்றக் கூடியதாக இருக்கக் கூடாது என்பது.

இதோடு கலவைகளுக்கென்றே ஒரு தடை இருக்கிறது. அது 3ஆம் பிரிவின் (ஈ) உட்பிரிவு. சாமான்களைச் சேர்த்ததில் அவற்றின் தனித்தனிக் குணங்கள் ஒன்றாகக் கூடியது தவிர வேறெதுவும் விளையவில்லை என்றால், அந்தக் கலவைக்குக் காப்புரிமை இல்லை. அத்தகைய கலவையைத் தயாரிக்கும் முறைக்கும் இல்லை. மிளகு உறைக்கிறது, சீரகம் மணக்கிறது. இரண்டையும் இடித்த பொடி உறைக்கவும் செய்கிறது, மணக்கவும் செய்கிறது. இதில் புதிதாக விளைந்தது எதுவும் இல்லை. அதேபோல் இழை பலம் கொடுத்தது, அப்பிரகம் கோணலைக் குறைத்தது, மருந்து நெருப்பைத் தடுத்தது என்று அதனதன் வேலையை அது அது செய்திருந்தால் விண்ணப்பம் நிற்காது. மூன்றும் சேர்ந்ததால், தனித்தனியே கூட்டிப் பார்த்தால் வராத ஒரு பலன் வந்தது என்று காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? எண்களால்தான். இழை மட்டும் கலந்த மாதிரி, அப்பிரகம் மட்டும் கலந்த மாதிரி, இரண்டும் கலந்த மாதிரி, வரம்புக்குச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் தயாரித்த மாதிரி என்று பல மாதிரிகளை ஒரே முறையில் சோதித்து அட்டவணை தர வேண்டும். வரம்பின் எல்லையைத் தாண்டியதும் பலன் சட்டென்று குறைகிறது என்றால் அந்த எல்லைக்கு அர்த்தம் உண்டு. எல்லைக்கு உள்ளும் வெளியும் ஒரே பலன் என்றால், அந்த எண்களை எங்கிருந்து பிடித்தீர்கள் என்ற கேள்வி எழும். விண்ணப்பங்கள் வலுவிழப்பதற்கு ஒப்பீட்டு மாதிரி இல்லாமையே பல சமயம் காரணமாகிறது.

மூன்றாம் கேள்வி: கூட்டினால் நூறு வருகிறதா?

கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடித்த கேள்வி இது. விண்ணப்பத்தில் நைலான் 45-70, இழை 25-35, அப்பிரகம் 10-20 சதவீதம், இவை மூன்றும் மட்டுமே கொண்ட கலவை என்று எழுதியிருக்கிறார்கள் என்று கொள்வோம். நைலானை 70 என்று எடுத்துக்கொண்டால், மற்ற இரண்டையும் மிகக் குறைவாகப் போட்டாலும் 70, 25, 10 என்று கூட்டுத்தொகை 105 ஆகிறது. நூறு கிலோ மூட்டையில் 105 கிலோ சரக்கு கட்ட முடியுமா? முடியாது. எனவே கோரிக்கை தெளிவற்றது என்று ஆட்சேபணை வரும். நைலானை 45-65 என்று திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும். 65, 25, 10 கூட்டினால் 100. 45, 35, 20 கூட்டினாலும் 100. ஒன்றின் உச்ச அளவோடு மற்றவற்றின் குறைந்த அளவைக் கூட்டினால் நூறைத் தாண்டக் கூடாது. ஒன்றின் குறைந்த அளவோடு மற்றவற்றின் உச்ச அளவைக் கூட்டினால் நூறுக்குக் குறையக் கூடாது. ஜப்பான் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை வழிகாட்டியில் இந்தக் கணக்கை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்திலும் கோரிக்கைகள் தெளிவாகவும் சுருக்கமாகவும், விவரக்குறிப்பின் ஆதாரத்தோடும் இருக்க வேண்டும் என்று 10ஆம் பிரிவு சொல்கிறது.

"கொண்டது" என்ற சொல்லுக்கும் "மட்டுமே கொண்டது" என்ற சொல்லுக்கும் இங்கே பெரிய வித்தியாசம். "கொண்டது" என்றால் வேறு சாமானும் சேரலாம், வலை அகலமாக விழும். "மட்டுமே கொண்டது" என்றால் போட்டியாளர் நான்காவது சாமானைச் சேர்த்து விலகிப் போக வழி உண்டு. நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய சொற்களில் இதுவும் ஒன்று.

நான்காம் கேள்வி: எடையா, கொள்ளளவா? எங்கே அளந்தது?

எண்ணெயைக் கிலோவில் வாங்கி லிட்டரில் விற்பவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.55. நைலானின் அடர்த்தி சுமார் 1.14. எடையில் 30 சதவீதம் கண்ணாடி என்றால், கொள்ளளவில் அது 16 சதவீதம்தான். ஆகவே "30 சதவீதம்" என்று மொட்டையாக எழுதினால், எந்தச் சதவீதம் என்று பரிசோதகர் திருப்பிக் கேட்பார். விடை எப்படி என்பதைப் பொறுத்து, பழைய பிரசுரத்தோடு மோதலாம், மோதாமலும் போகலாம்.

இழையின் நீளத்திலும் இதே சிக்கல். தொழிற்சாலை வாங்கும் நறுக்கிய இழை 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதை நைலானோடு இயந்திரத் திருகில் அரைத்து உருக்கி, அச்சில் செலுத்தும்போது இழைகள் நொறுங்கும். வார்த்து வந்த பொருளில் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமே மிஞ்சும். "3 மில்லிமீட்டர் இழை உள்ள பொருள்" என்று கேட்டால், அது கலப்பதற்கு முன் உள்ள அளவா, வார்த்தபின் உள்ள அளவா? இதைத் தெளிவாக்காவிட்டால், பின்னால் கோர்ட்டில் எதிராளியின் சரக்கு இதற்குள் வருகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

சரக்கில் எவ்வளவு கண்ணாடி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒரு துண்டை எடை போட்டு, சுமார் 600 டிகிரி சூட்டில் உலையில் வைத்தால் பிளாஸ்டிக் எரிந்துபோகும். மிஞ்சிய சாம்பலை நிறுத்தால் கண்ணாடியின் எடை தெரியும். சாம்பலில் உள்ள இழைகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து நீளமும் அளக்கலாம். ஆனால் அப்பிரகம் போன்ற தாதுப்பொருளும் சாம்பலில் தங்கிவிடும். அதைக் கழிக்காமல் எல்லாம் கண்ணாடி என்று கணக்கிட்டால் முடிவு தவறாகிவிடும். நோட்டீஸோடு ஒரு லேபரட்டரி சான்றிதழ் இணைத்திருந்தால் இந்த இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாம் கேள்வி: செய்முறையை முழுதாகச் சொன்னீர்களா?

காப்புரிமை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். அரசு 20 ஆண்டு தனியுரிமை தருகிறது. பதிலுக்கு விண்ணப்பதாரர் தமக்குத் தெரிந்த சிறந்த செய்முறையை ஊரறிய எழுதிவைக்க வேண்டும். ஆயுள் முடிந்தபின் யார் வேண்டுமானாலும் அதைப் படித்துத் தயாரிக்கலாம். "ஒரு விசேஷப் பூச்சு பூசிய இழை" என்று எழுதிவிட்டு, பூச்சு என்னவென்று சொல்லாமல் மறைத்தால் அந்த விண்ணப்பம் குறையுள்ளது. ரகசியமாகவே வைத்திருக்க விரும்புபவர் காப்புரிமைப் பக்கமே வரக் கூடாது.

கொடுத்தபின்னும் கேள்வி உண்டு

பரிசோதனை முடிந்து காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டால் அது அசைக்க முடியாத பட்டயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பரிசோதனை நடந்தது என்பதால் மட்டும் காப்புரிமை செல்லும் என்று உத்தரவாதம் ஆகாது என்று 13ஆம் பிரிவே சொல்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் ஒரு பாத்திரத் தொழில் வழக்கு. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது பாத்திரம் நழுவித் தொழிலாளருக்குக் காயம் படுவதுண்டு. பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றுக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இன்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் 1951இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றது. பின்பு விஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் என்ற மற்றொரு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1978 டிசம்பர் 13இல் தீர்ப்பு வந்தது. இது பட்டறையில் இருப்பவர் சாதாரணமாகச் செய்யக்கூடிய மாற்றமே, கண்டுபிடிப்பு அல்ல என்று சொல்லிக் காப்புரிமை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. விண்ணப்பித்ததிலிருந்து 27 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அமெரிக்காவிலும் மளிகைச் சரக்கில் இப்படி நடந்ததுண்டு. புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் 1911இல் பருத்திக்கொட்டை எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சமையல் கொழுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முழுமையாக ஹைட்ரஜன் ஏற்றாத தாவர எண்ணெயால் ஆன பன்றிக்கொழுப்பு போன்ற உணவுப்பொருள் என்று அகலமாகக் கேட்டு 1915இல் காப்புரிமையும் பெற்றது. பெர்லின் மில்ஸ் என்ற போட்டி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1920இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முன்பே தெரிந்ததைவிட இதில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஏதுமில்லை என்று அந்தக் கோரிக்கைகளைத் தள்ளிவிட்டது. கலவை எதுவாயினும், எண்ணெயானாலும் ரெசின் ஆனாலும், கேள்வி ஒன்றுதான்.

வியாபாரிகள் செய்ய வேண்டியவை

1. நோட்டீஸ் வந்தால் காப்புரிமை எண்ணைக் கேளுங்கள். விண்ணப்ப எண் வேறு, வழங்கப்பட்ட காப்புரிமை எண் வேறு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வழக்குப் போட முடியாது. ஆனால் பிற்பாடு காப்புரிமை கிடைத்துவிட்டால், விண்ணப்பம் வெளியான நாள் முதல் உரிமை கொண்டாட இடமுண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

2. எண் கிடைத்ததும் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். தேடுதல் இலவசம். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதி ஆகியிருக்கலாம். 20 ஆண்டு முடிந்தும் இருக்கலாம். வெளிநாட்டுக் காப்புரிமை எண்ணை மட்டும் காட்டினால் அது இந்திய விற்பனையைத் தடுக்காது.

3. 111ஆம் பிரிவு கடைக்காரருக்குப் பாதுகாப்பு தருகிறது. காப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபித்தால் நஷ்ட ஈடு கிடையாது. பொருளின் மீது "பேடண்ட்" என்ற சொல் மட்டும் இருந்து எண் இல்லையென்றால், அதை வைத்து உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் விற்பனையை நிறுத்தும் தடை உத்தரவு போட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸ் வந்தபிறகு "தெரியாது" என்ற பதிலும் செல்லாது.

4. ஆதாரமில்லாத மிரட்டல் என்றால், 106ஆம் பிரிவின்கீழ் நீங்களே கோர்ட்டுக்குப் போகலாம். மிரட்டல் நியாயமற்றது என்ற அறிவிப்பும், தடையும், இழப்பு ஏற்பட்டிருந்தால் ஈடும் கேட்கலாம்.

5. பழைய கொள்முதல் பில், விலைப் பட்டியல், தொழில்நுட்பக் கையேடு, தேதியிட்ட மாதிரி ஆகியவற்றைத் தூக்கி எறியாதீர்கள். விண்ணப்பத் தேதிக்கு முன்பே அதே சரக்கு இந்தியச் சந்தையில் இருந்தது என்பதற்கு அவை சாட்சி. பில்லில் "நைலான் சாமான்" என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. தர எண்ணும் இழைச் சதவீதமும் எழுதி வாங்குங்கள்.

6. காப்புரிமை வழங்குமுன் எதிர்ப்புத் தெரிவிக்க 25ஆம் பிரிவு யாருக்கும் இடம் தருகிறது. 2024 திருத்தத்துக்குப்பின் இதற்குக் கட்டணம் உண்டு, ஏற்கத்தக்கதா என்றும் முதலில் பார்ப்பார்கள். வழங்கியபின் ஓராண்டுக்குள், சம்பந்தப்பட்ட நலன் உள்ளவர் எதிர்க்கலாம். அதற்கும் பின்பு என்றால் ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவு இயங்கி வருகிறது.

7. உங்கள் சொந்தச் சரக்கில் இல்லாத பேடண்டை இருப்பதாக அச்சிடாதீர்கள். 120ஆம் பிரிவின்படி இது தவறு. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் இதற்கான தொகையை ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.10 லட்சம் வரை உயர்த்தியிருக்கிறது.

8. சப்ளையரிடம் சரக்கு எடுக்கும்போது, காப்புரிமைத் தகராறு எழுந்தால் செலவையும் நஷ்டத்தையும் அவரே ஏற்பார் என்று எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

மசாலாப் பொடிக்குப் பேடண்ட் வாங்கலாமா?

நம் உறுப்பினர்களில் பலர் சொந்தமாகச் சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, கூட்டுப் பெருங்காயம் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். "பேடண்ட் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால், மேலே சொன்ன 3(ஈ) பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைக் கலவைக்கு உள்ள அதே தடை பொடிக் கலவைக்கும் உண்டு. பாரம்பரிய அறிவாக இருப்பதற்கும் காப்புரிமை கிடையாது. மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கிய காப்புரிமையை, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைக் காட்டி 1997இல் ரத்து செய்ய வைத்தது நினைவிருக்கும். பொடி வியாபாரிக்குத் தேவைப்படுவது பெயரைக் காக்கும் டிரேட் மார்க் பதிவுதான். பாக்கெட்டின் வடிவத்துக்கு டிசைன் பதிவு இருக்கிறது.

உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் தயங்கவும் வேண்டாம். தனிநபருக்கும் பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600. பரிசோதனை மனுவுக்கு ரூ.4,000. பெரிய நிறுவனங்களுக்கு இவை ரூ.8,000, ரூ.20,000. ஏஜென்ட் கட்டணமும், லேபரட்டரிச் சோதனைச் செலவும் தனி. ஆனால் விண்ணப்பிக்கும்வரை சரக்கை வெளியே விற்கவோ, பொருட்காட்சியில் விளக்கவோ கூடாது.

நாம் தராசைப் பொய் சொல்ல விடுவதில்லை. காப்புரிமை என்ற சொல்லையும் அதேபோல் நிறுத்துப் பார்க்க வேண்டும். எண் என்ன, என்ன கேட்டிருக்கிறார்கள், கூட்டினால் நூறு வருகிறதா, நம் பழைய பில்லில் தேதி என்ன என்ற நான்கையும் பார்த்தபின் வக்கீலிடம் போனால், பேச்சும் சுருங்கும், செலவும் குறையும். நோட்டீஸ் வந்த உறுப்பினர்கள் தனியாகத் தவிக்காமல், தாளின் நகலோடு முதலில் சங்க அலுவலகத்துக்கு வந்து சேரும்படி கேட்டுக்கொள்கிறோம்.